பேசத் தெரியும், எழுதத் தெரியாது!



எட்டாம் வகுப்பில் ஒரு நாள் "உங்க வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?" என்று தோழி கேட்டாள். "சௌராஷ்ட்ரம்" என்றேன். "அப்படின்னா உன் பேரை அதுல எழுதிக் காட்டு" என்று நோட்டை நீட்டினாள். நான் முழித்தேன். எங்கள் மொழிக்குத் தனி எழுத்து உண்டு என்பதே எனக்கு அன்று தெரியாது.

எங்கள் சொந்த ஊர் பரமக்குடி. தாத்தா தறி நெய்தவர். அப்பா காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலைக்கு வந்ததால் குன்றக்குடியில் குடியிருக்கிறோம். வீட்டில் தண்ணீரை 'பானி' என்போம். வாசலைத் தாண்டினால் தமிழ்தான்.

அன்று மாலை பாட்டியிடம் கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். "உங்க தாத்தா எழுதினது. நம்ம எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மதுரையிலுள்ள உறவினர் ஒருவர் அரிச்சுவடி தந்தார். மதுரையைச் சேர்ந்த தொ.மு. இராமராய் என்பவர் இந்த எழுத்தைச் சீர்படுத்திப் புத்தகங்கள் அச்சிட்டார் என்றும் சொன்னார். 2008இல் யூனிகோடிலும் இது சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இதைப் படிக்க ஒருவரும் இல்லை!

தமிழில் ஒரே 'க'. இதில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து. பேசும்போது தானாக வந்த ஒலிகள் எழுதும்போது என்னைப் படாத பாடு படுத்தின. தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினேன். அரைப் பரீட்சை லீவில் தாத்தாவின் நோட்டைத் தொட்டேன்.

நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பல சொற்களுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. பாட்டிக்குக் கேட்டவுடன் தெரிந்துவிடும். "அப்படி இல்லடி, இப்படி" என்று உச்சரிப்பையும் திருத்துவார். எனக்குக் கண், அவருக்குக் காது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள் படித்தோம்.

பக்கம் பக்கமாகப் பாவுக் கணக்கு, கூலிக் கணக்கு. நடுவில் ஒரு வரி: "மகனைப் பள்ளியில் சேர்த்தேன். முன்பணம் 100 ரூபாய். கூலியில் கழியும். அவன் தறிக்கு வரவேண்டாம்."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்கு ஏன் புடவை எடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. வேலை முடிந்து வந்த அப்பாவுக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அப்பா நோட்டை வாங்கி அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார்.

இன்னும் பதினொரு பக்கம் பாக்கி. பாட்டிக்கு இப்போது காது மந்தம். அதனால் சத்தமாக வாசிக்கிறேன்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய நோட்டு இருக்கலாம். அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி