நாலு மணி நேரத் தூரம்

நீலகிரியில் இருக்கும் எங்கள் நடுவட்டத்திலிருந்து கேரளாவின் கரிப்பூர் ஏர்போர்ட் 120 கிலோமீட்டருக்குள்தான். அதற்கு நான் நாலு மணி நேரம் கேட்பேன். கரிப்பூரிலிருந்து துபாய் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். விமானமும் நாலு மணி நேரம்தான் கேட்கிறது. டாக்சி ஓட்டுகிற எனக்கு இதில் வெட்கமில்லை. விமானத்தின் வழியில் நாடுகாணி மலைப்பாதை கிடையாதே.

எங்கள் பக்கத்தில் கிலோமீட்டரை வைத்து நேரம் சொன்னால் ஆள் புது டிரைவர் என்று அர்த்தம். கூடலூருக்கு 16, 17 கிலோமீட்டர் இறக்கம். ஜூலை மாத ராத்திரியில் மிஸ்ட் அடைத்துவிட்டால் ஹெட்லைட்டைப் போடப் போட வெள்ளைச் சுவர்தான் தெரியும். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஓரக்கோட்டைப் பார்த்தபடி செகண்ட் கியரில் உருட்டுவேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கீழே போவதற்குள் கருகல் வாடை வந்துவிடும். வளைவில் லாரி ஏறி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியது நாம்தான். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாடுகாணியில் யானை நின்றால் கணக்கே இல்லை, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கோவை பீளமேடு ஏர்போர்ட்டுக்கும் தூரம் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் சீசனில் ஊட்டியைத் தாண்டுவதே பெரும்பாடு.

கூடலூர் வருவதற்குள் பின்சீட்டில் யாராவது காதைப் பிடித்துக்கொள்வார்கள். "எச்சில் முழுங்குங்கம்மா, விமானத்துலயும் இதேதான்" என்பேன். சும்மா சொல்வதில்லை. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான். நடுவட்டமும் 6,000 அடிக்கு மேல். வளைகுடாவுக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையன்கள் துபாய் வரைக்கும் நடுவட்டத்துக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு போகிறார்கள்!

கூட்டி வரப் போவதுதான் இதைவிட வம்பு. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 11 மணிக்கு விமானம் ஏறுகிறவர் இங்கே இறங்கும்போது மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு மேலாகியிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் "பதினொன்னாந்தேதி ஃப்ளைட்டு" என்றார். நான் பதினொன்றாம் தேதி விடிகாலையிலேயே போய் நின்றேன். அவர் அன்று ராத்திரிதான் விமானம் ஏறவே இருந்தார். ஒரு நாள் முழுக்க கரிப்பூரில் வண்டிக்குள்ளேயே கிடந்தேன். தப்பு என்னுடையது, டீசல் காசும் என்னுடையது. அதிலிருந்து தேதி கேட்பதில்லை, "இங்கே இறங்குற அன்னிக்கு என்ன கிழமை?" என்றுதான் கேட்பேன். மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிக்கிற நாளில் வருகிற விமானம் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும். மழை பலமானால் கரிப்பூரில் இறங்க முடியாமல் கொச்சிக்கோ கோவைக்கோ திருப்பிவிடுவதும் உண்டு.

நாளைக்கு ஒரு சவாரி இருக்கிறது. விமானம் காலை ஒன்பதரைக்கு. வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால், ஆறரைக்கே அங்கே இருக்க வேண்டும். வழிக்கு நாலு மணி நேரம், யானைக்கு அரை மணி நேரம். ரெண்டு மணிக்கு வாசலில் ஹாரன் அடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"மூணு மணிக்குக் கிளம்பினா போதாதாண்ணே?" என்கிறான் தம்பி.

போதாது.