வார்டும் வாட்ஸப்பும்

"எதற்கும் இன்னொருவரையும் கேட்டுவிடலாம்" என்பது வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாசகம். நல்ல வைத்தியர்கள் அதைச் சொல்ல எந்தக் காலத்திலும் தயங்கியதில்லை. ஆனால் அந்த இன்னொருவர் எங்கே இருக்கிறார், அவரை எட்ட எவ்வளவு நேரமாகும் என்பதில்தான் நோயாளியின் விதி பல சமயம் அடங்கியிருந்தது. அந்தத் தூரத்தைக் கைப்பேசி இன்று ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. டில்லியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரியும் எனக்கு, இது நன்மை என்பதில் சந்தேகமில்லை. முழு நன்மைதானா என்பதில்தான் சந்தேகம்.

முயற்சி ஒன்றும் புதிதல்ல. ஹாலந்து தேசத்தில், லெய்டன் நகரத்துப் பேராசிரியர் ஐன்தோவன் செய்த ஈ.சி.ஜி. கருவி சுமார் 270 கிலோ எடையுள்ளது. அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வது நடவாத காரியம். படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளியை ஆராய்ச்சிசாலைக்குத் தூக்கி வருவதும் அப்படியே. ஆகவே 1905-இல் அவர் டெலிபோன் கம்பியைத் துணைக்கு அழைத்தார். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் துடித்த இருதயத்தின் கோடுகள் அவருடைய ஆராய்ச்சிசாலையில் வந்து விழுந்தன. 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈ.சி.ஜி. காகிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பும் நாங்கள், அந்தப் பெரியவரின் பேரப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

எங்கள் யூனிட்டுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. பேராசிரியர் முதல் என்னைப் போன்ற கடைக்குட்டி வரை எல்லோரும் அதில் அடக்கம். ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு, எந்தப் படுக்கைக்கு இரத்தம் வேண்டும், ஸ்கேன் முடிவு வந்ததா என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. படிப்பும் அதிலேயே நடக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு சீனியர் எக்ஸ்ரே படத்தை அனுப்பி, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். வகுப்பறையிலாவது தலையைக் குனிந்துகொண்டு தப்பலாம். இங்கே நாம் பார்த்துவிட்டோம் என்பதை இரண்டு நீலக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்!

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, பீகாரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளி ஒருவரை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். மாரடைப்பில், அடைப்பைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் சில மணிகளுக்குள் போட்டால் பலன் மிக அதிகம். ஈ.சி.ஜி. கோடுகளில் எங்களுக்கு ஓர் ஐயம் இருந்தது. படம் பிடித்து அனுப்பினோம். வேறொரு கட்டடத்திலிருந்த இருதய நிபுணரிடமிருந்து நான்கே நிமிஷத்தில் பதில் வந்தது: "ஊசி போடுங்கள், நான் வருகிறேன்." சொன்னபடி வந்தார். ஆறாம் நாள் அந்த மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார்.

அவரைப் பிழைக்க வைத்தது கைப்பேசிதான் என்று நண்பர்கள் சொன்னார்கள். "நான் வருகிறேன்" என்ற சொல்தான் என்பது என் அபிப்பிராயம். இதற்கு நம் தமிழ்நாடே சாட்சி. அங்கே மாரடைப்பு நோயாளிகளுக்காக, சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய இருதய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து ஒரு திட்டம் நடத்திப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. 2,420 நோயாளிகளைக் கவனித்த அந்த ஆராய்ச்சியில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 பேர், திட்டம் வந்தபின் 14.2 பேர். ஈ.சி.ஜி.யைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி அதில் இருந்தது உண்மை. ஆனால் ஊசி போடும் ஏற்பாடு, 108 வண்டி, எந்த ஊர் நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்ற முன்முடிவு ஆகிய எல்லாம் சேர்ந்தே இருந்தன. படத்தை அனுப்பிவிட்டு, யாராவது பதில் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கும் நிலை அங்கே இல்லை.

நம் வார்டுக் குழுக்களில் பெரும்பாலும் இருப்பது அந்தக் காத்திருப்புதான். நாற்பது பேர் பார்த்த படத்துக்கு நாற்பது பேரும் பொறுப்பு என்றால், ஒருவரும் பொறுப்பில்லை என்றே பொருள். மத்திய அரசு 2020 மார்ச் மாதம் வெளியிட்ட தொலைமருத்துவ விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: ஒரு டாக்டர் மற்றொரு டாக்டரிடம் யோசனை கேட்டாலும், நோயாளிக்குப் பொறுப்பாளி கேட்டவரே. ஆயினும் இரவு வந்த யோசனை காலையில் கேஸ் ஷீட்டில் ஏறாமலே போவதை நான் கண்டிருக்கிறேன். கைப்பேசியை மாற்றினால் அதுவும் போயிற்று. ஏன் அந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று பிறகு வருபவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கும் குழுக்கள் வேறு ரகம். ஊரில் என் பெரியப்பா, குடும்பக் குழுவில் வந்த ஏதோ ஒரு கஷாயச் செய்தியை நம்பி, இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போனில் மன்றாடினேன்.

"ஏம்மா, நீ இன்னும் முழு டாக்டர் ஆகவில்லையே!" என்றார்.

"ஆகாவிட்டால் என்ன பெரியப்பா? மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று தெரிவதற்கு இதுவரை படித்தது போதும்."

அசையவில்லை. இருபது வருஷமாக அவரைப் பார்த்துவரும் உள்ளூர் டாக்டர் வீட்டுக்கே வந்து இரண்டு வார்த்தை சொன்னபின்தான் மறுபடி மாத்திரை வாயில் போயிற்று. இப்போதும் நாள் தவறாமல் எனக்குக் கஷாயச் செய்திகள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். அவரோடு நான் சண்டை போடுவதில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மட்டும் பதில் எழுதுகிறேன்.

பொய்ச் செய்தி வீட்டுக்குள் வருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நோயாளியின் சொந்தச் செய்தி வெளியே போவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. டாக்டர்கள் சமூக ஊடகங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதிகள் வெளியிட்டது. வேறு காரணங்களால் எழுந்த எதிர்ப்பில், அந்த மாதமே அவை நிறுத்திவைக்கப்பட்டன. விதி வரட்டும் என்று நோயாளி காத்திருக்க முடியுமா?

எங்கள் வார்டில் காலில் ஆறாத புண்ணோடு ஓர் அம்மாள் இருந்தார். சீனியர் ஒருவர் புண்ணைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்ததும், அவர் என்னைக் கூப்பிட்டு இந்தியில் கேட்டார்: "மகளே, அந்தப் படம் எங்கே போகிறது?" தோல் வைத்தியர் ஒருவருக்கும், சர்ஜன் ஒருவருக்கும் என்றேன். "என் பெயர் அதில் இருக்கிறதா?" என்றார். சீனியரைக் கேட்டுப் பார்த்தேன். படுக்கையோரம் தொங்கிய அட்டையும், அதில் எழுதியிருந்த பெயரும் படத்தின் மூலையில் விழுந்திருந்தன. அவர் முகம் சுளிக்காமல் படத்தை அழித்துவிட்டு, அட்டையைத் திருப்பி வைத்து, அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வேறு படம் எடுத்தார். அதற்கு அரை நிமிஷங்கூட ஆகவில்லை.