பாட்டைக் கட்டியவர்

மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்குத் திரும்பும் பெண்கள் கூடிப் பாடுவதை, இளமையில் வலப்பனைத் தோட்டங்களில் நாம் பன்முறை கேட்டதுண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர் பிடித்துக்கொள்வர். அப்பாட்டுகளைக் கட்டியவர் யாரென்று அந்நாளில் நாம் வினவியதில்லை.

அண்மையில் எம் வகுப்பில், "தோட்டத்து மக்களுக்காகப் பாட்டெழுதிய ஒரு பெண்மணியின் பெயர் சொல்லுங்கள்" என்றோம். எல்லா முகங்களும் எம்மையே நோக்கின. அவர்கள் அறியாமைக்கு அவர்களைக் குறை கூறுவது எங்ஙனம்? சொல்லிக் கொடுக்கும் கடன் எம்முடையதன்றோ!

அவர் பெயர் மீனாட்சியம்மையார். தஞ்சையிலிருந்து வந்து, 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார், கணவரின் பத்திரிகைப் பணியிலும் தோள் கொடுத்தவர். கூட்டங்களில் பாரதியார் பாடல்களையும் தாம் இயற்றியவற்றையும் பாடுவார்.

பேச்சிருக்கப் பாட்டு எதற்கு? அந்நாளில் தோட்டம் துரைமாரின் கோட்டை. வெளியார் புகுந்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யரே புடவை வியாபாரி வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்பர். துண்டுப் பிரசுரம் புகுந்தாலும் படிக்க அறியாதார் பலர். பாட்டுக்கோ வேடமும் வேண்டா, எழுத்தும் வேண்டா. ஒருத்தியின் செவியில் விழுந்தது மறுநாள் மலை முழுவதும் ஒலிக்கும்.

1939 இல் அரசாங்கம் இந்திய வம்சாவளி நாட்கூலி ஊழியரை வேலையினின்றும் நீக்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் துப்பாக்கிக்கு இரையானார். அதே 1940 இல்தான் அம்மையார் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாடல் நூலை வெளியிட்டார். மக்களின் துயரை, மக்கள் அறிந்த மெட்டிலேயே அவர்களிடம் சேர்த்தார்.

அவ்வாண்டில் நியூயோர்க்கில் பிறந்த எல்லி கிரீனிச் என்னும் மாது, பின்னாளில் இளம்பெண் குழுக்களுக்குப் பாட்டெழுதினார். 1963 இல் ரொனெட்ஸ் என்ற குழுவினர் பாடிய 'பி மை பேபி' உலகெங்கும் ஒலித்தது. அதனை இயற்றிய மூவருள் அவரும் ஒருவர். பாடிய முகங்களை உலகம் அறியும். எழுதியவரை அறிந்தோர் சிலரே. ஆயினும் அவர் பெயர் இசைத்தட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. நம் அம்மையாருக்கு வாய்த்ததோ ஒரு சிறு நூல். சாரல் நாடன் போன்ற ஆய்வாளர் எடுத்துரைத்திராவிடில் அதுவும் மறைந்திருக்கும்.

இவற்றை வகுப்பில் கூறி முடித்தோம். மறுவாரம் ஒரு மாணவி, தன் அம்மாயி பாடிய கும்மியொன்றைத் தாளில் எழுதி வந்தாள்.

"யார் கட்டிய பாட்டம்மா?" என்றோம்.

"தெரியாது ஐயா. அம்மாயிக்கும் தெரியாதாம்."

"நன்று. பாடியவர் பெயரையாவது அடியில் எழுதிவிடு" என்றோம்.

அவள் குனிந்து எழுதினாள். முழுப் பெயரையும் எழுதினாள்.