நாலு வாரமா ஹாலண்டே கேப்டன்... அண்ணனுக்கு என்ன ஆச்சு?

சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு என் போனில் ஓர் அலாரம் அடிக்கும். பக்கத்து சீட் அக்கா ரொம்ப நாள் அதை ஏதோ மாத்திரை சாப்பிடுகிற நேரம் என்றே நினைத்திருந்தார். மாத்திரை இல்லை, ஃபுட்பால். இங்கிலாந்தில் அந்த வாரத்தின் முதல் மேட்ச் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு, ஃபேண்டஸி பிரீமியர் லீக்கில் நம் டீமைப் பூட்டிவிடுவார்கள். நம்ம ஊர் கணக்கில் பெரும்பாலும் 3:30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டால் 4:30. இதை மறந்து டீமைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. பிரீமியர் லீக்கின் 20 கிளப்களிலிருந்து 15 பேரை நாம் 'வாங்க' வேண்டும். கையில் 100 மில்லியன் பவுண்ட், எல்லாம் கற்பனைக் காசு. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. அவர்கள் நிஜ மேட்ச்சில் கோல் போட்டால் நமக்குப் பாயின்ட். கேப்டன் என்று யாரைக் குறிக்கிறோமோ அவருடைய பாயின்ட் இரட்டிப்பு. வாரம் ஒரு ஆளை இலவசமாக மாற்றலாம், அதற்கு மேல் மாற்றினால் ஆளுக்கு 4 பாயின்ட் கழியும். பணம் கட்டுகிற ஆட்டம் இல்லை. அம்மாதான் ரொம்ப நாள் இதை ரம்மி என்று நினைத்து எனக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். 2020, லாக்டவுன். பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் எல்லோரும் அடைந்து கிடந்த காலம். "ஏட்டி, ஆளைப் பாக்காத. அவன் அடுத்து யார்கூட ஆடப்போறான்னு பாரு" என்பான். அந்த ஆப்பிலேயே ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 1 முதல் 5 வரை ஒரு கஷ்ட நம்பர் போட்டு, கலரும் அடித்து வைத்திருப்பார்கள். பச்சை என்றால் எதிராளி லேசு. அடர் சிவப்பு என்றால் அன்றைக்கு உங்கள் ஆளிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று அர்த்தம்.

அவன் சொன்ன அதே அக்டோபர் 4-ம் தேதி ராத்திரி, ஆஸ்டன் வில்லாவும் லிவர்பூலும் மோதின. லிவர்பூல் நடப்பு சாம்பியன். வில்லா முந்தைய சீசனில் 17-வது இடம், மயிரிழையில் தப்பிப் பிழைத்த டீம். அண்ணன் லிவர்பூலின் டிஃபெண்டர்கள் இரண்டு பேரை வைத்திருந்தான். வில்லா 7, லிவர்பூல் 2! டிஃபெண்டர் ஆடும்போது அவர் டீம் வாங்குகிற இரண்டு கோலுக்கு ஒரு பாயின்ட் கழியும். ஏழு வாங்கினால் ஆளுக்கு மைனஸ் 3. ஹாலில் ஆச்சி தூங்கிக்கொண்டிருந்ததால் நான் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். அப்படியும் ஆச்சி எழுந்துவிட்டாள். "ஏலே, யாருக்கு என்னாச்சு?"

அதோடு நான் கலரை நம்பாமல் போயிருக்க வேண்டும். நேர்மாறாக, சொந்தமாக ஓர் எக்ஸெல் ஷீட்டே தயாரித்தேன். அதில் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. ஒரு வாரத்தின் பச்சையைப் பார்த்து ஆளை வாங்கக் கூடாது, ஆறு வாரம் சேர்த்துப் பார்க்க வேண்டும். பச்சை வரிசை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிட்டால் விலை ஏறுவதற்குள் முந்திக்கொள்ளலாம். சொந்த மைதானமா, வெளியூரா என்பதற்குத் தனி மதிப்பெண். லிவர்பூலும் எவர்டனும் ஒரே ஊர் என்பதால் இரண்டுக்கும் ஒரே நாளில் உள்ளூர் மேட்ச் வைக்க மாட்டார்கள். இப்படி மாறி மாறி உள்ளூரில் ஆடும் இரண்டு டீம்களாகப் பார்த்து, விலை குறைந்த இரண்டு டிஃபெண்டர்களை வாங்கிவிட்டால் வாரா வாரம் யாராவது ஒருவர் உள்ளூரில் இருப்பார்.

முக்கியமாக, ஒரே எதிராளிக்கு இரண்டு கலர் தேவை. 2024-25 டாட்டன்ஹாமையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் முழுக்க 64 கோல் போட்டார்கள், 65 வாங்கினார்கள். அவர்களோடு மோதும் ஸ்ட்ரைக்கருக்கு அது பச்சை. அதே டீமின் டிஃபெண்டருக்கு? ஆரஞ்சாவது அடிக்க வேண்டாமா! ஆப்பில் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே கலர்.

அந்த 2024-25 சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்புதான் ஆச்சி இறந்தாள். அண்ணன் அப்போது கவென்ட்ரியில் வேலையில் இருந்தான். வரவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் போனில் நான் கேட்டேன், "உனக்கு லீவு கிடைக்கலையா, மனசு வரலையா?" அவன் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். அதன் பிறகு அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேச மாட்டான். ஆனால், நாங்கள் ஐந்து பேர் ஆடுகிற குடும்ப லீகில் அதே பழைய டீம் பெயரோடு வந்து சேர்ந்திருந்தான். டீம் பூட்டிய பிறகு ஒருவர் டீமை மற்றவர் பார்க்கலாம். பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 1. லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்துக்குப் போகிறது. என் ஷீட்டில் சிவப்பு. சலாவை விற்றேன். சலா ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். அடுத்த மேட்ச் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுடன், சொந்த மைதானத்தில். ஷீட்டில் பச்சைப்பசேல். மைனஸ் 4 கொடுத்து அதே சலாவைத் திரும்ப வாங்கி, கேப்டனும் ஆக்கினேன். ஃபாரஸ்ட் 1, லிவர்பூல் 0. அந்த மைதானத்தில் ஃபாரஸ்ட் லீக் மேட்ச் ஜெயித்தது 1969-க்குப் பிறகு அன்றைக்குத்தான். சலாவுக்கு கோலும் இல்லை, அசிஸ்ட்டும் இல்லை. அண்ணன் ஹாலண்டை கேப்டனாக வைத்திருந்தான். அவர் அன்று இரண்டு கோல். பழைய அண்ணனாக இருந்தால் அன்றைக்கு எனக்கு முப்பது மெசேஜாவது வந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு முழங்கால் போனது. சீசனே கிட்டத்தட்ட காலி. அவர் கோல் போடுகிற ஆள் இல்லை என்பதால் ஃபேண்டஸி ஆடுகிற எங்களில் பாதிப் பேர் கண்டுகொள்ளவில்லை. ஆனால், நவம்பரில் சிட்டி போர்ன்மவுத்திடம் தோற்றது, பிரைட்டனிடம் தோற்றது, சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமிடம் 0-4, டிசம்பர் 1 அன்று லிவர்பூலிடம் 0-2. நான்கு மேட்ச்சிலும் சேர்த்து ஹாலண்ட் போட்டது ஒரு கோல். முதல் மூன்றுக்கும் என் ஷீட்டில் சிவப்பே கிடையாது. எதிராளிக்குத்தான் நான் கலர் அடித்திருந்தேன். சிட்டிக்கு உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்பதற்கு என் ஷீட்டில் கட்டமே இல்லை.

ஹாலண்டை விற்க எனக்கே மூன்று வாரம் பிடித்தது. அண்ணன் விற்கவில்லை. விற்காதது பெரிதில்லை, அவன் நான்கு வாரமாக எதையுமே மாற்றவில்லை. காயம்பட்ட ஆள் அப்படியே கிடக்கிறார். லிவர்பூலுக்கு எதிராகவும் ஹாலண்டே கேப்டன். ஆறு வாரம் முன்கூட்டியே திட்டம் போடுகிறவன், ஆச்சி இறந்த மாதம்கூட டெட்லைனை விடாதவன். அம்மாவிடம் கேட்டேன். "நல்லாத்தான் பேசுதான்" என்றாள்.

ஞாயிறு ராத்திரி சிட்டி மேட்ச் முடிந்ததும், மூன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் மெசேஜ் அனுப்பினேன். "இன்னுமா ஹாலண்ட்?" நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அக்டோபர் கடைசியில் வேலை போய்விட்டதாம். விசாவுக்கு ஸ்பான்சர் செய்த கம்பெனி கைவிட்டால், பொதுவாக 60 நாள் அவகாசம்தான் கொடுப்பார்கள். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். ரூம் வாடகை, படிப்புக்கு வாங்கிய கடன், தினமும் அப்ளிகேஷன். "அம்மாட்ட சொல்லிராத" என்றான். ஆகஸ்ட்டிலேயே கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்ததாம். அந்த நேரத்தில் லீவு கேட்கப் பயந்திருக்கிறான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிறகு வேறு இடம் அமைந்துவிட்டது. அம்மாவுக்கும் இப்போது தெரியும்.)

"நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி விடு. செவ்வாய்க்கிழமை டெட்லைன். யாரைக் கேப்டன் போட்ட?"

"பால்மர். செல்சீக்கு சவுத்தாம்ப்டன். ஷீட்லயே அதைவிடப் பச்சை கிடையாது."

"நான் சலா."

"நியூகாசில் மைதானத்துல! சிவப்புண்ணே அது."

"இருக்கட்டும்டி. அவன் இப்போ எப்படி ஆடுதான்னு பாத்தியா?"

அந்த சீசனிலிருந்து, பயன்படுத்தாத மாற்றங்களை ஐந்து வரை சேமித்து வைக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அண்ணன் எதையும் தொடாமல் கிடந்த நான்கு வாரத்தில் அவனுக்கு ஐந்து சேர்ந்திருந்தது. செவ்வாய் ராத்திரி 11:30 டெட்லைனுக்கு முன்னால் ஐந்தையும் ஒரே மூச்சில் பயன்படுத்தினான். டீமைத் திறந்து பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை.

மறுநாள் எனக்கு நைட் ஷிஃப்ட். நம் நேரம் அதிகாலை 1 மணிக்கு இரண்டு மேட்ச்சும் தொடங்கின. சவுத்தாம்ப்டனை செல்சீ 5-1 என்று அடித்தது, பால்மரும் ஒரு கோல் போட்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அங்கே நியூகாசிலில் சலா ஓர் அசிஸ்ட் கொடுத்துவிட்டு 68-வது நிமிடம் ஒரு கோல், 83-ல் இன்னொன்று. லிவர்பூல் 3-2 என்று முன்னால்.

போனில் மெசேஜ். "தூங்கலையா?"

"ஷிஃப்ட்."

90-வது நிமிடம் நியூகாசில் ஒன்று திருப்பிப் போட்டது. 3-3. அடுத்த நொடி போன் அடித்தது. எடுத்தால் ஹலோ கிடையாது, ஒரே சிரிப்பு. புதிதாக வாங்கிய ஐந்து பேரில் ஒருவர் லிவர்பூல் டிஃபெண்டராம். மூன்று கோல் வாங்கியதில் அவருக்கு ஒரு பாயின்ட் போச்சாம். ஆபீஸில் தலையணைக்கு எங்கே போவது? துப்பட்டாவை வாயில் அமுக்கிக்கொண்டேன்.