வரவுப் பக்கத்தில் ஒரு வைரஸ்

வைரஸ் என்றாலே நமக்கு லீவ் லெட்டர்தான் ஞாபகம் வரும். அதற்கு அடுத்தபடி கம்ப்யூட்டர். செடிக்கும் வைரஸ் வரும் என்பது, திருமங்கலம் பக்கம் மானாவாரியில் உளுந்து போடுகிற தாய்மாமன் இருந்தால்தான் தெரியும். எனக்கு இருக்கிறார்.

பச்சையாக நிற்க வேண்டிய உளுந்து, திட்டுத் திட்டாக மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். பெயர் மஞ்சள் தேமல். வெள்ளை ஈ என்ற பொடிப்பூச்சி செடிக்குச் செடி போய்ச் சாறு குடித்து, போகிற இடமெல்லாம் வைரஸைப் பட்டுவாடா செய்யும். "போட்ட காசு வராது மாப்ள" என்பார் மாமா. நான் பி.காம். என்பதால் நஷ்டக்கணக்கெல்லாம் என்னிடம்தான் வரும்.

அவரிடம் போய், "மாமா, வைரஸ் செடிக்கு நல்லதும் செய்யுமாம்" என்றேன். பார்த்த பார்வையில் பக்கத்து வயலும் மஞ்சளாகியிருக்கும்!

ஆனால் விஷயம் நிஜம். 2008-ல் அமெரிக்காவில் மர்லின் ரூசிங்க் என்ற பெண் விஞ்ஞானியும் சகாக்களும், நெல், பீட்ரூட் இனம் என்று பல செடிகளில் வேண்டுமென்றே வைரஸை ஏற்றினார்கள். பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள். ஆரோக்கியமான செடி முதலில் வாடியது. சீக்காளிச் செடி இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது! வைரஸ் புகுந்த செடியில், செல்லின் ஈரத்தைக் காக்கிற பொருள்களும் சேதத்தைத் தடுக்கிற பொருள்களும் கூடுதலாக இருந்தன. திருடனுக்குப் பயந்து கட்டிய காம்பவுண்டுச் சுவர் வெள்ளத்தையும் தடுத்த கதை.

அதே குழு 2007-ல் சொன்னது இன்னும் வேடிக்கை. யெல்லோஸ்டோன் பூங்காவில், தரை கொதிக்கிற இடத்தில் ஒரு புல். புல்லுக்குள் ஒரு பூஞ்சை. பூஞ்சைக்குள் ஒரு வைரஸ். மூவரும் சேர்ந்திருந்தால் 65 டிகிரி செல்சியஸ் மண் சூட்டையும் புல் தாங்கும். வைரஸை மட்டும் வெளியேற்றினால் காலி. திரும்பச் சேர்த்தால் மறுபடி தாங்கும். கத்திரி வெயிலில் டவுன்ஹால் ரோட்டைக் கடந்தவர்களுக்கு இந்தக் கூட்டுக்குடும்பத்தின் அருமை புரியும்.

நோய்க்கும் இதே வைத்தியம் உண்டு. பிரேசிலில் 'டிரிஸ்டெஸா' என்ற வைரஸ் லட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்களைச் சாய்த்தது. அந்தச் சொல்லுக்கே துக்கம் என்று அர்த்தம். 1960-களில், அதே வைரஸின் சாதுவான ரகத்தைக் கன்றில் முன்கூட்டியே ஏற்றிவைத்தார்கள். முரட்டு ரகம் வந்து பார்த்தால், ஹவுஸ்ஃபுல் போர்டு!

அத்தனையையும் பொறுமையாகக் கேட்ட மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செடி பிழைக்கும், சரி. காய்க்குமா மாப்ள?"

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. மழை பெய்த வருஷத்தில் வைரஸ் முழுக்க முழுக்கச் செலவு. வறட்சியில் அதே வைரஸ் சில செடிகளுக்கு இன்ஷூரன்ஸ். காட்டுச் செடிக்கு அது போதும். உயிரைப் பிடித்துக்கொண்டு நாலு விதை உதிர்த்தால் வம்சம் தப்பித்தது. மாமா நாலு விதையை வைத்துக்கொண்டு கூட்டுறவுக் கடனை எப்படி அடைப்பார்?

அதனால் தேமல் செடி கண்ணில் பட்டால், வெள்ளை ஈ முந்துவதற்குள் அவர் பிடுங்கிவிடுகிறார். அதுதான் சரி. அவர் பார்ப்பது மகசூல் கணக்கு. செடி பார்ப்பது உயிர்க்கணக்கு. இரண்டையும் ஒரே லெட்ஜரில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.