வாட்ச்மேனே அடித்தால்...

"காலையில பாட்டில் மூடியைத் திறக்க முடியலைங்க. விரலெல்லாம் வலி" என்றாள் என் மனைவி.

"பக்கெட் தூக்காம இருக்க இது புது டெக்னிக்கா?" என்றேன். நகைச்சுவையாம்!

அடுத்த மாதம் மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி சிவப்பு. "கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் வெட்கம் வருதா?" என்று அதற்கும் ஒரு ஜோக்.

மூட்டு வலிக்கு ஒரு டாக்டர், சத்து மாத்திரை. முகத்துக்கு இன்னொரு டாக்டர், களிம்பு. வாய்ப்புண்ணுக்கு என் அம்மா, மணத்தக்காளிக் கீரை. முடி கொட்டியதற்கு மாடி வீட்டு மாமி, செம்பருத்தித் தைலம். முழு ஆளை யாரும் பார்க்கவில்லை. நான் உள்பட.

ஐந்தாவது மாதம் ஒரு மூட்டு நோய் நிபுணர்தான் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதினார். "வெயில்ல போனா அதிகமாகுதாம்மா?"

"ஆமா டாக்டர்."

எனக்கே அது புது நியூஸ்!

ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாஸிட்டிவ். "அப்ப லூபஸா?" என்றேன்.

"அவசரப்படாதீங்க சார். நல்லா இருக்கிறவங்க சிலருக்கும் பாஸிட்டிவ் வரும். நெகட்டிவா இருந்தாத்தான் லூபஸுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு சொல்லலாம்" என்றவர், டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி டெஸ்ட்டும் யூரின் டெஸ்ட்டும் எழுதினார். முதலாவது பாஸிட்டிவ். இரண்டாவதில் புரதம். துளி வலி இல்லாமல் கிட்னியைத் தொட்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறதாம். திருடனை விட்டுவிட்டு வாட்ச்மேன் வீட்டுக்காரரைச் சாத்துகிற கதை! யாருக்கும் ஒட்டாது. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். அடியோடு போக்க மருந்தில்லை. அடக்கி வைக்க உண்டு.

2020-ல் கொரோனாவுக்கு என்று உலகமே மெடிக்கல் ஷாப்பில் தேடியதே, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்... அந்த மலேரியா மாத்திரைதான் இவளுக்குத் தினமும். அதனால் கண்ணையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கிட்னிக்காக ஸ்டீராய்டும் உண்டு. டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியே கிளம்பினால் குடை.

இப்போது யூரினில் புரதம் குறைந்திருக்கிறது. பாட்டில் மூடி திறப்பது என் டிபார்ட்மென்ட்.

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் நண்பன் சலித்துக்கொண்டான். "எப்பப் பார்த்தாலும் டயர்டு, கை வலின்னு என் வொய்ஃப் ஒரே சாக்குடா!"

கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன். "எப்பலேர்ந்து வலிக்குதுன்னு கேட்டியா?"

"கேட்கலையே..."

"நானும் கேட்கலைடா. அஞ்சு மாசம்!"