எனக்குப் பிடிக்கும், மே குஸ்தா

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கினால் லோ, லா, லே என்ற மூன்று குட்டிச் சொற்களில் வந்து எல்லாரும் தடக்குப்படுவினம். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து படிக்கிறம். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒவ்வொரு வசனத்தையும் முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு தலைகீழாகப் புரட்ட வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கோ. லோ என்றால் 'அவனை' அல்லது 'அதை'. லா என்றால் 'அவளை' அல்லது 'அதை'. லே என்றால் 'அவருக்கு'. எங்கட இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும்தான்! லே ஆண், பெண் பார்க்காது. 'அவருக்கு' என்பதும் அப்படித்தானே.

'செ லோ தி' என்றால் 'அவருக்கு அதைக் கொடுத்தேன்'. சொல் ஒழுங்கு அப்படியே. லேயும் லோவும் பக்கத்தில் வந்தால் லே, 'செ' ஆகிவிடும். புதிதாகப் பாடமாக்க வேண்டியது அதுதான். 'தா' என்று கேட்கும்போது இரண்டும் வினைக்குப் பின்னால் போய் ஒட்டும்: 'தாமெலோ', எனக்கு அதைத் தா.

'மே குஸ்தா எல் கஃபே': எனக்குக் கோப்பி பிடிக்கும். 'மே துவெலே லா கபேசா': எனக்குத் தலை நோகுது. பிடிப்பதும் நோவதும் அங்கேயும் 'எனக்கு'த்தான், 'நான்' இல்லை.

பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபுகளைச் சோதினைக்காக மட்டும் பாடமாக்கினம். அதுவே இன்னொரு மொழிக்குத் திறப்பாக இருக்குமென்று ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. உலகத்துக்குப் போகிற எல்லா வழியும் ஆங்கிலத்துக்குள்ளால்தான் என்று நம்பியிருந்தம். இப்ப எங்கட ஸ்பானியக் கொப்பியில் குறிப்புகள் எல்லாம் தமிழில்.